இரண்டு சாமிக்கு நேர்ந்த வான்கோழி

என் சம்பந்தியம்மா பிலோமினா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பால் சொசைட்டியில் இருந்தேன். கரிக்கலாம்பாக்கத்தில் காலைப் பால் எடுக்கும் நேரம். வரிசையில் ஆட்கள் தூக்கு வாளிகளோடு நின்றிருந்தார்கள். பாலில் பால்மானியை விட்டுத் தரம் பார்த்துக்கொண்டிருந்தபோது மகன் குமரவேல் போன் செய்தான்.

“அம்மா, அத்த பூட்டாங்கம்மா.”

“எந்த அத்தடா?” என்று கேட்டேன். எனக்கு நாத்தனார்கள் உண்டு. அவர்களில் மூத்தவருக்குச் சில காலமாக உடம்பு சரியில்லை. அவராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

“ஸ்டெல்லா அம்மா” என்றான்.

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். வரிசையில் மீதியிருந்தவர்களுக்கும் பால் அளந்து முடித்தேன். யாருடைய அளவையும் தப்பாக எழுதவில்லை. பிறகு கையைக் கழுவி, கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு அவர் ஊரான ஒதியம்பட்டுக்குக் கிளம்பினேன். எனக்குக் கல்நெஞ்சு என்று அங்கே இருந்தவர்கள் பேசிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இருக்கலாம். இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு மடல் அச்சடிக்கிறோம், பிலோமினாவைப் பற்றி நீங்கள் எழுதித் தாருங்கள் என்று உங்கள் பங்குச் சாமியார் கேட்டார். நான் உங்கள் கோயில்காரி இல்லை. உங்களில் பலர் பிலோமினாவோடு படித்தவர்கள், டவுனில் ஒரே தையல் கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் போனவர்கள், பாட்டுக் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியவர்கள். அவர் எல்லோருக்கும் முன்னால் பாட்டை எடுத்துவிட்டு மற்றவர்கள் வந்து சேரக் காத்திருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான். இதையெல்லாம் சாமியாரிடம் சொன்னேன். “அதனாலதாம்மா உங்கள கேக்குறேன்” என்றார்.

அன்று காலை அவர் வேலைக்குக் கிளம்பிப் பையை மாட்டிக்கொண்ட பிறகு நெஞ்சு வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் வீட்டுக்காரர்கள் ஆட்டோ கூப்பிட்டு ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். பை கட்டில்மேலேயே இருந்தது. அதற்குள் மதியச் சாப்பாட்டு டப்பா. எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கும். திறந்து பார்த்தேன், இன்னும் சூடாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் சோற்றைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

அன்றிலிருந்து என் மருமகள் ஸ்டெல்லா சாப்பிடவில்லை. பிடிவாதம் எல்லாம் இல்லை. கூப்பிட்டால் வந்து உட்காருவாள். தட்டைப் பார்ப்பாள். ஒரு வாய் வைப்பாள், அதுவும் தொண்டையில் நிற்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள். பால் குறைந்துகொண்டே வந்தது. குழந்தை குடித்துப் பார்த்துவிட்டு வாயை எடுத்து அழும், மறுபடி தேடும். பாட்டில் பாலைக் கொடுத்தால் துப்பியது. எனக்கு இருந்த கவலையெல்லாம் இதுதான். துக்கம்கூட இதற்குப் பிறகுதான். இது பிறகு என்ன ஆனது என்று சொல்வதற்கு முன்னால் வான்கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குமரவேலும் ஸ்டெல்லாவும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேருடைய சம்மதத்தையும் யாரும் கேட்கவில்லை, தகவல் சொன்னார்கள். பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் பக்கத்தில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர். அவரும் கணவரை இழந்தவர், நானும் அப்படித்தான். ஆனால் சேர்ந்து உட்கார்ந்தால் பேச ஒன்றுமில்லை. வாங்க சம்பந்தி, நல்லாருக்கீங்களா சம்பந்தி, காபி போடட்டுமா சம்பந்தி. அதற்கு மேல் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த வருஷம் மகளுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துச் சொந்தமாக வளர்த்த வான்கோழியை அடித்து விருந்து போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஒரு சாப்பாட்டில் இரண்டு வீட்டுக் கசப்பும் போய்விடும் என்று நம்பினார். வருஷா வருஷம் வெயில் காலத்தில் வான்கோழி முட்டையை நாட்டுக்கோழிக்கு அடைவைத்துக் குஞ்சு எடுப்பார். அந்த வருஷம் குஞ்சு பொரித்த சில நாளில் கோடை மழை வந்தது. கூண்டின் தகரம் பறந்து குஞ்சுகள் நனைந்தன. ஒன்றுதான் மிஞ்சியது.

ஒருநாள் காலை நான் சொசைட்டியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். டவுனுக்குப் போகிறவர் எதிர்த்திசையில் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்திருந்தார். சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே தையல் துண்டுகளுக்கு நடுவில் பழுப்பாக ஏதோ கிடந்தது. கண் மூடியிருந்தது.

“மிச்சம் இது ஒன்னுதான் சம்பந்தி. விடிஞ்சதுல இருந்து ரெக்கய தொங்கப் போட்டுகினு நிக்குது. கம்பெனில லீவு கேட்டேன், குடுக்கல. நீங்க மத்தியானத்துல வூட்லதான இருப்பீங்க?”

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. “செத்துப்பூட்டா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது” என்றேன்.

“மொதல்ல உங்களத்தான் சொல்லுவேன்” என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் உமியைக் கொட்டி, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். குஞ்சு ஒடுங்கி நின்றால் பல்பை இறக்க வேண்டும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் ஏற்ற வேண்டும். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்ததை வெந்நீர் தொட்டுத் துடைத்தோம். கால்நடை டாக்டர் கொடுத்த பொடியைத் தண்ணீரில் கலந்து, குழந்தைக்கு மருந்து ஊற்றும் பில்லரால் அலகோரம் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார் பிலோமினா. அவித்த முட்டையை உதிர்த்து, முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிக் கலந்து ஒரு எவர்சில்வர் தட்டில் வைக்கச் சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு ஓடினார். எல்லாம் வைத்தேன். குஞ்சு தட்டுக்குள் ஏறி முட்டைமேலேயே நின்றுகொண்டு தூங்கிவிட்டது. பகல் முழுக்க ஒன்றும் தின்னவில்லை.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து நேராக வந்தார். முகம்கூடக் கழுவவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டின் ஓரத்தில் விரல் நகத்தால் தட்ட ஆரம்பித்தார்.

“இதுங்களுக்கு பசின்னா இன்னான்னே தெரியாது சம்பந்தி. தீனி மேலயே நின்னுகினு பட்டினி கெடந்து செத்துப்பூடும். தாய்க்கோழி மூக்கால தட்டற சத்தம் கேட்டாத்தான், இது தின்றதுன்னு அதுக்கு தோணும். எனக்கு இன்னா தெரியும், எல்லாம் அந்த டாக்டர் சொல்லிக் குடுத்தது.”

குஞ்சு ஒரு கண்ணைத் திறந்தது. விரலைப் பார்த்தது. மறுபடி மூடிக்கொண்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. கம்பெனியில் சூப்பர்வைசரின் மூக்குக்கண்ணாடியை யாரோ துணியோடு சேர்த்துத் தைத்துவிட்ட கதையை என்னிடம் சொல்லிக்கொண்டே தட்டினார். நான் சிரித்தேன். கதை முடிந்து, காபி குடித்து, வேறு கதையும் வந்துவிட்டது. விரல் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் குஞ்சு குனிந்து ஒரு துணுக்கைக் கொத்தியது. கொத்தியதைக் கீழே போட்டது. மறுபடி கொத்தி விழுங்கியது. “இன்னிக்கு இது போதும்” என்று எழுந்துகொண்டார்.

மறுநாள் நான் தட்டியபோது குஞ்சு பெட்டியின் மூலைக்கு ஓடிவிட்டது. சாயங்காலம் வந்து நான் தட்டுவதைப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். “கதவ தட்டற மாரி தட்டறீங்க சம்பந்தி. யார் வூட்டு கதவு அது? வேகமா தட்டணும், ஆனா லேசா.” என் விரலைப் பிடித்துத் தட்டிக் காட்டினார். ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரல் அவருடையது. அவர் கை என்மேல் பட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தில்கூடக் கும்பிட்டுத்தான் நின்றோம்.

அப்புறம் ஒரு மத்தியானம் குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தைப் பின்னால் வளைத்து, காலை நீட்டிக் கிடந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். வெல்லத் தண்ணீரைச் சொட்டு விட்டேன். கன்றுக்குட்டிக்கு முடியாமல் போனாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் என் வாயில் தானாக வருகிற வார்த்தை அப்போதும் வந்தது. மாரியாத்தா, இது பொழச்சா உனக்கே. பல்பு வெளிச்சத்தில் அதன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலப் பால் எடுக்கப் போகவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினேன்.

பிலோமினா வந்து பார்த்தார். குஞ்சை என் மடியிலிருந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுச் சுவரில் மாரியம்மன் காலண்டர் மாட்டியிருந்தது. அதன் எதிரிலேயே முட்டிபோட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. ஏதோ செபம் சொல்கிறார் என்று நான் காபி போடப் போய்விட்டேன்.

குஞ்சு பிழைத்துக்கொண்டது. பெட்டியை விட்டுத் தாவி வெளியே வந்து என் காலைக் கொத்த ஆரம்பித்த பிறகு அவர் அதை அதே பையில் வைத்து எடுத்துப் போனார். அதற்குள் எங்களுக்குப் பேச நிறைய சேர்ந்துவிட்டது. குஞ்சு போன பிறகும் வாரத்தில் சில நாள் சாயங்காலம் வந்து போனார்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் பிலோமினா வீட்டில் இலை போட்டார்கள். கொழுத்த வான்கோழிச் சேவல் வாசலில் வாலை விரித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. இலையில் வந்து விழுந்தது கடைக் கோழி. நான் கோழியைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். பிலோமினா தலையைக் குனிந்துகொண்டார்.

“மன்னிச்சிக்குங்க சம்பந்தி. அன்னிக்கு சாவக் கெடந்துச்சே, உங்க வூட்லயே அந்தோணியாருக்கு நேந்துகினேன். பொழச்சா உமக்கேன்னு சொல்லிட்டேன். இப்ப எப்புடி அடிக்கிறது? சொல்ல வெக்கமா பூட்டுது.”

நான் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தேன். “நான் மாரியாத்தாளுக்கு நேந்துகினேன்” என்றேன். “அதே நாளுதான்.”

விருந்துக்காகத்தான் அதைப் பிழைக்கவைத்தோம். பிழைக்கவைக்கிற அவசரத்தில் விருந்தையே ஆளுக்கொரு சாமிக்குக் கொடுத்துவிட்டோம். முதலில் சிரித்தது ஸ்டெல்லா. பிறகு குமரவேல். பிலோமினா சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் எச்சில் கையோடு அவர் முதுகைத் தட்டினேன். ஜாக்கெட்டில் குழம்புக் கறை பட்டுவிட்டது. அந்தக் கடைக் கோழிச் சாப்பாட்டில்தான் இரண்டு வீடும் ஒரு வீடானது.

அதற்குப் பிறகு அது எந்தச் சாமிக்கு என்ற வழக்கு நடந்தது. நேர்ச்சைக் கோழிகளைப் பெருநாளில் ஏலம் விடுவது உங்கள் வழக்கம் என்று சாமியார் சொன்னார். அம்மனுக்கும் நேர்ந்ததை ஏலம் போட மாட்டேன் என்று பிலோமினா சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பூசாரியிடம் நான் கேட்டேன். “சேவல்னா முற தெரியும். இதுக்கு இன்னா முறன்னு அம்மனுக்கே தெரியாது தாயி” என்றார். ஆக அதை அடிக்கவும் ஆள் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை. கோயில் மணி அடித்தால் களகளவென்று பதில் சொல்லிக்கொண்டு அது ஒதியம்பட்டில் பெரியமனுஷனாகத் திரிந்தது. உங்களில் பலரை அது விரட்டியிருக்கும்.

ஸ்டெல்லாவுக்குக் குழந்தை பிறந்ததும் சொந்தக்காரர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். ஞானஸ்நானமா, மொட்டையா என்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் உங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் குரலை உயர்த்திவிட்டார்கள். பிலோமினா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இதையும் ரெண்டு பேருக்கும் நேந்துக்கலாம் சம்பந்தி. அப்ப யாரும் தூக்கிகினு போவ முடியாது.”

பிலோமினாவுக்காக அப்படி யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. என் வாயில் தானாக வருகிற வார்த்தை அவருக்காக வரவில்லை. போன் வந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது. இதை நினைத்தால் மட்டும் மரத்துப்போன இடத்தில் லேசாக வலிக்கிறது.

அடக்கத்தன்று பேண்டு செட்டு வாசிக்க ஆரம்பித்ததும் வான்கோழி கத்தியது. ஒவ்வொரு மேள அடிக்கும் கூடக் கூடக் கத்தியது. யாரோ கம்பை எடுத்தார்கள். “உடுங்க, அது இருக்கட்டும்” என்றாள் ஸ்டெல்லா. அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை அது பின்னாலேயே நடந்து வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். வீட்டைப் பூட்டிய பிறகு அதை லோடு ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது சொசைட்டிக்குப் பால் வண்டி வந்து ஹாரன் அடிக்கும்போது கத்துகிறது.

ஸ்டெல்லாவை நான் திட்டிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். அவளுக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்கி வறுத்து வைத்தேன். உன் பிள்ளைக்காவது தின்னு என்று சொன்னேன், அதைச் சொன்னதற்குப் பிறகு வருத்தப்பட்டேன். “வேணும்னு செய்யல அத்த. பசிக்கவே மாட்டேங்குது” என்பாள். பொய் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

போன வாரம் ஒரு மத்தியானம். குழந்தை அழுது அழுது ஏணையில் தூங்கிவிட்டது. ஸ்டெல்லா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரசம் விட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது. எதிரில் போய் உட்கார்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை, என் விரல் அவள் தட்டின் ஓரத்தில் தட்ட ஆரம்பித்தது.

அவள் நிமிர்ந்தாள். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுவயதிலிருந்து ஒவ்வொரு வெயில் காலத்திலும் அந்த வீட்டில் கேட்ட சத்தம் அது. கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அம்மா இன்னும் வேகமா தட்டும்” என்றாள்.

நான் வேகமாகத் தட்டினேன், லேசாக. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது. அதோடேயே ஒரு வாய் எடுத்து வைத்து விழுங்கினாள். நான் அவளைப் பார்க்காமல், கம்பெனியில் யாரோ மூக்குக்கண்ணாடியைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். இன்னொரு வாய் எடுத்தாள்.

பிலோமினாவை அறிந்த உங்களிடம் அவருடைய பாட்டு இருக்கும், அவர் தைத்துக் கொடுத்த துணி இருக்கும். வான்கோழி என் வீட்டில் இருந்தாலும் அது சாமிகளுடையது, எனக்குப் பாத்தியம் இல்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது இந்த விரல் தட்டு ஒன்றுதான். அன்று தட்டில் சோறு தீரும்வரை நான் நிறுத்தவில்லை.